குளக்கட்டில் நடந்து பார்த்த மலைச் சப்பாத்துகள்

கிளிநொச்சி ரவுணில் ஒரு சப்பாத்துக் கடையில் பதின்மூன்று வருடம் வேலை செய்தேன். போன மாசியில் நின்றுவிட்டேன். காரணம் முழங்கால். எங்கள் வேலை தாழ்ந்த முக்காலியில் குந்துவதும் எழும்புவதும்தான். ஒரு நாளைக்கு எத்தனை தரம் எழும்பினேன் என்று நான் கணக்கு வைக்கவில்லை. முழங்கால் வைத்திருந்தது.

இப்போது கடையில் இரண்டு புதுப் பிள்ளைகள் நிற்கிறார்கள். ஆட்கள் போனில் பாதத்தைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள், கடை சப்பாத்தை அனுப்புகிறது. கலியாண வீட்டுக்கும் கந்தோர் வேலைக்கும் போகிறவர்களுக்கு இது போதும். மலைக்குப் போகிறவர்களுக்கு அனுப்பியவை மட்டும் திரும்பி வருகின்றனவாம். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி எனக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, மலையேறுற சப்பாத்துக்கு என்ன பாத்து எடுக்கிறது? நீங்கள் ஏதோ குளக்கட்டுக்கெல்லாம் கூட்டிக்கொண்டு போவியளாமே?"

எனக்குப் போனில் கதைக்க வராது. நேரிலும் அவ்வளவாக வராது. "எழுதித் தாறன்" என்றேன். ஒரு பக்கத்தில் முடியும் என்று நினைத்தேன்.

முதலே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் எந்த மலையிலும் ஏறியதில்லை. எங்கள் மனேச்சர் செல்வரத்தினம் ஐயாவும் ஏறியதில்லை. அவர் ஒரு தடவை கண்டிக்கு ஒரு கலியாணத்துக்குப் போயிருக்கிறார். மண்டபத்துக்குள் இருந்தாராம், வெளியே மழையாம். மலையைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் திரும்பி வந்த சப்பாத்துகளின் அடியைப் பார்த்துப் படித்ததுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு வயது முப்பத்தெட்டு. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. புடவைக் கடையில் கேட்டேன், சிரித்துக் கதைக்கிற ஆள் வேண்டும் என்றார்கள். சப்பாத்துக் கடையில் ஐயா ஒரேயொரு கேள்விதான் கேட்டார்: "குந்தி எழும்புவியோ?" ஓம் என்றேன். அடுத்த நாள் வரச் சொன்னார். எனக்கு அது ஏற்ற வேலையாக அமைந்தது. வருகிறவரின் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. சில பேரை நான் இன்றைக்கும் ரோட்டில் கண்டால் அடையாளம் தெரியாது. செருப்பைக் கழற்றினால் பெயர் சொல்லுவேன்.

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. பெண்பிள்ளை காலைத் தொடுவது வயதான ஆட்களுக்குப் பொறுக்காது. அக்கராயனில் இருந்து வருகிற ஒரு பெரியவர், நான் அளவுப் பலகையோடு குனிந்தவுடன் தலையில் கை வைத்து, "நல்லா இரு பிள்ளை" என்பார். மற்றக் காலுக்குக் குனிந்தால் மறுபடியும் ஒருமுறை. அவர் வருடத்துக்கு ஒரு சோடி செருப்புத்தான் வாங்குவார். ஆசீர்வாதம் இரண்டு.

எங்கள் ஊரில் ஆட்கள் கடைக்குள் வரும்போது செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வருவார்கள். சப்பாத்துக் கடைக்கும் அப்படித்தான். மற்றக் கடைக்காரர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஐயா கவனித்தார். ஆள் உள்ளே வந்து கதிரையில் இருந்ததும் என்னை வாசலுக்கு அனுப்புவார். "முதல் அதைப் பாத்திட்டு வா. ஆள் பொய் சொல்லும், செருப்புச் சொல்லாது." எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, பெருவிரல் எங்கே பள்ளம் போட்டிருக்கிறது, குதி வெளியே தள்ளுகிறதா என்று பார்த்துக்கொண்டு வருவேன். பிறகுதான் காலைத் தொடுவது.

ஐயா அதிகம் பேசமாட்டார். பேசினால் ஆளைப் பார்த்துப் பேசமாட்டார், சப்பாத்தைப் பார்த்துப் பேசுவார். மேசையில் இருந்து எழும்பவும் மாட்டார். கையில் ஒரு மர அடிமட்டம் இருக்கும். நான் கொண்டுபோய்க் காட்டுகிற சப்பாத்தை அதால் தட்டுவார். ஒரு தட்டு என்றால் சரி. இரண்டு தட்டு என்றால் திருப்பி வை. நல்லது என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதில்லை.

மலைச் சப்பாத்து எங்கள் கடைக்கு வந்தது, ரவுணில் ஆட்கள் வான் பிடித்துச் சுற்றுலாப் போகத் தொடங்கிய பிறகு. முதலில் கொஞ்சம் எடுத்துப் போட்டோம். வட்டக்கச்சிப் பக்கத்து விளையாட்டுக் கழகப் பொடியள் ஒன்பது பேர் வந்தார்கள். சிவனொளிபாதமலைக்குப் போகிறார்களாம்.

"இறுக்கமா எடுங்கோடா. இறுக்கமா இருந்தாத்தான் பிடிக்கும்" என்று அவர்களுக்குள் ஒரு விபரமானவர் சொன்னார். மற்றவர்களும் இறுக்கமாக எடுத்தார்கள். நானும் கொடுத்தேன். சீமெந்து நிலத்தில் அங்காலும் இங்காலும் நடந்தார்கள். நன்றாகத்தான் இருந்தது.

பத்து நாளில் ஐந்து பேர் திரும்பி வந்தார்கள். ஐந்து பேரும் ரப்பர் செருப்பு. பெருவிரல் நகங்கள் நாவற்பழ நிறத்தில் இருந்தன.

"ஏறேக்க ஒண்டும் இல்லை அக்கா," என்றார் அந்த விபரமானவர். "இறங்கேக்கதான் மலை கடிச்சது."

ஐயா அடிமட்டத்தை மேசையில் வைத்தார். "எவ்வளவு நேரம் இறங்கினனியள்?"

"நாலு மணித்தியாலம்."

"நாலு மணித்தியாலமும் விரல் முன்னால இடிச்சதோ?"

"ஒவ்வொரு படிக்கும்."

அவர்கள் போன பிறகு ஐயா நெடுநேரம் எங்கள் கடையின் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவால் ரோட்டைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இஞ்ச ஒரு இறக்கமும் இல்லை."

உண்மைதான். கடை மட்டம், ரோடு மட்டம், ஊர் மட்டம், வயல் மட்டம். நாங்கள் இறக்கத்தில் நடந்து பழகாத ஆட்கள். மட்ட நிலத்தில் பார்த்து மலைக்கு விற்றிருக்கிறோம். வெள்ளம் நிற்கிற ஊர்க்காரருக்கு வராத யோசனை மலையில் இருக்கிறவர்களுக்கு முதல் நாளே வந்திருக்கும்.

எங்கள் ஊரில் இறக்கம் என்று சொல்ல ஒன்றுதான் இருந்தது. ரவுண் குளத்துக் கட்டு. கடையில் இருந்து ஐந்து நிமிட நடை. வெளிப்பக்கம் புல்லுச் சரிவு. குளத்துப் பக்கம், அலை மண்ணை அரிக்காமல் இருக்கக் கருங்கல் அடுக்கியிருக்கிறார்கள். ஒரு கல்லுப் போல மற்றக் கல் இல்லை. கையும் காலும் வைத்துத்தான் இறங்கலாம். ஐயா ஒரு பின்னேரம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "காணும், இது போதும்" என்றார்.

அன்றைக்கு இருந்து மலைச் சப்பாத்துக்கு ஒரு முறை வைத்தோம். ஒவ்வொரு அளவிலும் ஒரு சோடியை விற்காமல், போட்டுப் பார்க்கிற சோடியாக ஐயா ஒதுக்கி வைத்தார். வாங்க வருகிறவர் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வரவேண்டும். காலையில் பார்த்தால் கால் சின்னதாக இருக்கும், நாள் முழுக்க நின்ற பிறகுதான் அதன் உண்மையான அளவு தெரியும். மலையில் போடப்போகிற தடித்த மேசைப் போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். மேசு என்று நான் சொல்வது காலுறையை. பாதத்தை முன்னுக்குத் தள்ளி விரல் முட்டியதும் பின்னால் என் சுண்டுவிரல் போக வேண்டும். போகாவிட்டால் சின்னது. இரண்டு விரல் போனால் பெரியது.

சப்பாத்தின் அடியை நகத்தால் அழுத்திப் பார்ப்போம். நகம் கொஞ்சம் பதிந்தால் ஈரக் கல்லில் பிடிக்கிற ரப்பர். பதியாமல் வழுக்கினால் அது வீட்டில் படம் பார்க்கிறவருக்கு. சப்பாத்தைத் துணி பிழிவது போல முறுக்கிப் பார்ப்போம். விரல் மடிகிற இடத்தில் மட்டும் வளைய வேண்டும். நடுவில் வளைந்தால் கல்லில் நிற்கிற ஆளின் பாதம் களைத்துப்போகும்.

வயல் செய்கிற ஆட்களுக்கு இன்னொரு கரைச்சல். சேற்றில் நின்ற பாதம் முன்னால் விசிறி மாதிரி விரிந்திருக்கும். வெளிநாட்டுச் சப்பாத்தோ முன்னால் கூர். அகலத்துக்காகப் பெரிய அளவு எடுத்தால் குதி உள்ளே தாளம் போடும். அவர்களுக்கென்று ஐயா ஒரு மொடல் எடுத்துப் போட்டார். முன்னால் அகலம், அடி தட்டை, நிறம் அடுப்பில் கருகின பாண். கடையில் அதற்கு நிகரான அவலட்சணம் வேறில்லை. ஒருவரும் தொடவில்லை.

பிறகு குளக்கட்டு. பார்க்கிற சோடியைப் போட்டுக்கொண்டு ஆள் போகும், நான் பின்னால் போவேன். அவருடைய செருப்புக் கடையில் நிற்கும், அதுதான் எங்களுக்குப் பிணை. புல்லுச் சரிவில் ஐந்து தரம் ஏறி இறங்க வேண்டும், கல்லுப் பக்கத்தில் இரண்டு தரம். ஏறும்போது கணுக்காலில் வார் தளர்ச்சி, இறங்கும்போது இறுக்கம். இறங்கும்போது விரல் இடித்தால் திரும்பிக் கடைக்கு.

குளத்தில் தூண்டில் போடுகிற அந்தோனிப்பிள்ளை அண்ணை அந்த நேரம் அங்கே இருப்பார். முதல் நாள் எங்களைக் கண்டவுடன், "என்ன தங்கச்சி, கட்டை உடைக்கவோ வந்தனியள்?" என்றார். பிறகு பழகிவிட்டார். நாங்கள் ஆளைக் கொண்டுபோனால் தூண்டிலைக் கல்லுக்கு அடியில் செருகிவிட்டுத் திரும்பி இருந்து பார்ப்பார். "இந்தத் தம்பிக்கு அரை நம்பர் கூட்டு" என்று சொல்லுவார். பல முறை அவர் சொன்னது சரியாக இருந்தது.

இப்படி நாலு வருடம் போனது. எனக்கு வேலை தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் யசிந்தா ரீச்சர் வந்தார்.

அவர் முல்லைத்தீவுக் கரைப்பக்கத்து ஆள். தகப்பனும் அண்ணன்மாரும் கடற்றொழில். அவர் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டு தனியாக வாடகை வீட்டில் இருந்தார். நாற்பது வயது இருக்கும். கூட இரண்டு ரீச்சர்மார் வந்தார்கள். விடுமுறையில் ஆசிரியர்கள் எல்லாரும் மாத்தளைக்கு மேலே ஒரு மலைக்குப் போகிறார்களாம். கடைசித் துண்டு கல்லுப் பாறையாம், கையால் பிடித்து ஏற வேண்டுமாம்.

நான் வழமைபோல வாசலுக்குப் போய்ச் செருப்புகளைப் பார்த்தேன். ஒரு சோடியில் இடது செருப்புக்கு மட்டும் பின்னால் வார் தைத்திருந்தது, கழன்று விழாமல் இருக்க. அந்தச் செருப்பில் விரல் போட்ட பள்ளம் ஒன்றும் இல்லை. அடி மட்டும் ஒரு பக்கம் சீவியது போலத் தேய்ந்திருந்தது. எனக்கு விளங்கியது. இந்த ஊரில் இருக்கிற எவருக்கும் விளங்கும்.

உள்ளே மற்ற இரண்டு ரீச்சர்மாரும் தங்கள் அளவைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அவாக்கும் ஒரு சோடி காட்டுங்கோ" என்றார் ஒருவர்.

"அவாக்கு என்னத்துக்கு? அவா வானில இருப்பா. பைகளைப் பாக்க ஒரு ஆள் வேணும்தானே" என்றார் மற்றவர். குத்திச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார்.

யசிந்தா ரீச்சர் கதிரையில் இருந்தார். "நான் எட்டு வருசமாப் பை பாக்கிறன்," என்றார். "போன முறை உங்கட பைக்குள்ள இருந்த முறுக்கையும் நான்தான் முடிச்சனான். இந்த முறை மேல வாறன்."

"விசர்க்கதை கதைக்காதையும் யசிந்தா. விழுந்தா ஆர் தூக்கிறது?"

"பிறின்சிப்பல் விழுந்தா ஆர் தூக்கிறது? அவர் என்னிலும் இரண்டு மடங்கு."

அவர் சேலையை ஒரு அங்குலம் உயர்த்தி வலது காலை என் முன்னால் நீட்டினார்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்களில் கால் இல்லாதவர்கள், கை இல்லாதவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதைப் பற்றி நாங்கள் கேட்பதில்லை. பார்ப்பதும் இல்லை. கண் தற்செயலாகப் போனாலும் உடனே முகத்துக்குத் திரும்பிவிட வேண்டும். இதை ஒருவரும் சொல்லித் தரவில்லை, எல்லாருக்கும் தெரியும். நானோ இயல்பிலேயே கேள்வி கேட்காத ஆள். எனக்கு இந்த வழக்கம் நல்ல வசதி.

ஆகவே வலது காலை முக்கால் மணித்தியாலம் பார்த்தேன். அளந்தேன், மேசு மாற்றினேன், விரல் தள்ளினேன், சுண்டுவிரல் விட்டேன். அதுவரை நான் பார்த்த கால்களில் அவ்வளவு திருத்தமாக ஒன்றையும் பார்த்ததில்லை. கணுக்காலை மூடுகிற நல்ல விலையான சப்பாத்து ஒன்று பொருந்தியது. இடது காலுக்கு அதே அளவை எடுத்து வைத்தேன். அவர் தானே குனிந்து, இரண்டு கையாலும் இழுத்து, மூச்சு வாங்க மாட்டினார். நான் அந்த நேரம் பெட்டிகளை அடுக்கினேன்.

"அந்தப் பக்கமும் சரிதானே ரீச்சர்?"

"ஓம்" என்றார்.

குளக்கட்டுக்குப் போனோம். மட்டத்திலேயே அவர் நடை கொஞ்சம் முன்னால் சரிந்துதான் இருந்தது. பழக்கமில்லாத சப்பாத்து என்று நினைத்தேன். புல்லுச் சரிவில் ஏறினார். உச்சியில் நின்று குளத்தைப் பார்த்துச் சிரித்தார். இறங்கத் திரும்பியபோது மூன்றாவது எட்டில் இடது முழங்கால் முன்னால் மடிந்தது. யாரோ பின்னால் உதைத்தது போல. இருந்தபடியே சறுக்கி அடிவரை போனார். உள்ளங்கை இரண்டும் உரசி இரத்தம்.

கூட வந்த ரீச்சர்மாரில் ஒருவர் ஓடிவந்து, "சொன்னனான்தானே, சொன்னனான்தானே" என்று சொல்லிச் சொல்லித் தூக்கினார். அந்தோனிப்பிள்ளை அண்ணை முகத்தைக் குளத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

யசிந்தா ரீச்சர் கடையில் வந்து சப்பாத்தைக் கழற்றி, இரண்டையும் சேர்த்து ஒழுங்காக வைத்தார். "பறவாயில்லை அக்கா. பை பாக்கவும் ஆள் வேணும்தானே" என்றார். தன் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

ஐயா மேசையில் இருந்தபடி கேட்டார். "என்ன நடந்தது?"

சொன்னேன்.

"இடது காலின்ர அளவு என்ன?"

"வலதைத்தான் அளந்தனான்."

"இடதை?"

நான் ரீச்சர் கழற்றி வைத்த சப்பாத்தைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன்.

"ஏன் பாக்கேல்லை?"

"கேக்கக் கூச்சமா இருந்தது ஐயா."

அவர் சப்பாத்தை எடுத்து அடியைத் திருப்பிப் பார்த்தார். "கடைக்கு இரண்டு கால் வந்தது," என்றார். "நீ ஒண்டுக்குத்தான் வித்திருக்கிறாய்." அடிமட்டத்தால் இரண்டு தட்டுத் தட்டினார்.

விழுந்ததற்கு ரீச்சர் என்னில் கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தன்னிலேயே பிழையைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிற நேரம் பார்த்து அவர் வீட்டுக்குப் போனேன். நான் இன்னொருவர் வீட்டுக்குத் தனியாகப் போய்ப் படலையைத் தட்டியது அதுதான் முதல் தடவை. கதவைத் திறந்தவுடன், வழி முழுக்கப் பாடமாக்கிக்கொண்டு வந்ததைச் சொன்னேன்.

"ரீச்சர், உங்கட மற்றக் காலையும் நான் பாக்கவேணும்."

அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்து முடித்துக் கதிரையில் இருந்து, காலைக் கழற்றி, பிள்ளையைத் தருவது போல என் கையில் தந்தார்.

"இத்தினை வருசத்தில ஒருத்தரும் கேட்டதில்லை. எல்லாரும் என்ர முகத்தை மட்டும் பாத்துக் கதைக்கினம். எனக்கு என்ன அவ்வளவு வடிவான முகமோ?" என்றார். "எப்பிடிப் போனது எண்டு மட்டும் கேளாதையுங்கோ. அது வேற கதை. நாங்கள் சப்பாத்துக் கதையைக் கதைப்பம்."

முழங்காலுக்குக் கீழே போட்ட கால். தண்டு, அடியில் ரப்பர்ப் பாதம். நான் நினைத்ததைவிடப் பாரம். அதற்கு அவருடைய செருப்பைப் போட்டுச் சீமெந்து நிலத்தில் வைத்தேன். தானாக நின்றது. பிறகு நான் கொண்டுபோன சப்பாத்துக்குள் விடப் பார்த்தேன். ரப்பர்ப் பாதம் எங்கள் பாதம் போல முன்னால் நீளாது, கணுக்கால் மடியாது. உயரச் சப்பாத்துக்குள் அதை விடுவது போத்தலுக்குள் அகப்பை விடுவது போல. இருவருமாகச் சேர்ந்து தள்ளி நிலத்தில் வைத்தோம். கால் முன்னால் சரிந்து அலுமாரியில் முட்டிக்கொண்டு நின்றது.

"அட," என்றார் ரீச்சர். "நான் விழேல்லை. இதுதான் விழுந்தது."

கணக்கு ரீச்சர் அல்லவா, அவர் உடனே பிடித்துவிட்டார். அந்தக் காலைச் செய்தவர்கள் தட்டைச் செருப்புக்கென்று செய்திருக்கிறார்கள். என் சப்பாத்தில் குதி உயரம், முன்பக்கம் தாழ்வு. மட்டத்திலேயே முழங்காலை முன்னுக்குத் தள்ளும். இறக்கத்தில் மடக்கிவிடும்.

காலைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றேன். "நானும் வரவேணுமோ, அது மட்டும் காணுமோ?" என்று கேட்டார். ஓட்டோ பிடித்து இரண்டு பேரும் போனோம். கடை பூட்டியிருந்தது. ஐயாவுக்குப் போன் எடுத்தேன், வந்து திறந்தார்.

அன்றைக்குத்தான் அவர் நிலத்தில் குந்தியதைக் கண்டேன். எங்களிடம் இருந்த மலைச் சப்பாத்து ஒவ்வொன்றிலும் அந்தக் காலை நிறுத்திப் பார்த்தோம். ஒரு நூலில் கடைப் பூட்டின் திறப்பைக் கட்டிக் காலுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்து, நூலுக்கும் தண்டுக்கும் இடைவெளி பார்த்தார் ஐயா. குதியிலும் முன்னாலும் அடியின் தடிப்பை அடிமட்டத்தால் அளந்து சொன்னார், ரீச்சர் கழித்துச் சொன்னார். முக்கால் அங்குலம். அரை அங்குலம். முக்கால். அரை. எல்லாம் சரிந்தன.

கடைசியாக அந்தக் கருகின பாண் நிறச் சப்பாத்து. அரைக்கால் அங்குலம்தான் வித்தியாசம். கணுக்காலுக்குக் கீழே நிற்பது, வாய் அகலமாகத் திறப்பது. காலுக்கு ஒரு பொலித்தீன் பையைப் போட்டு வழுக்கிவிட்டோம், போனது. நிறுத்தினோம். நின்றது. நூலைப் பிடித்தால் கொஞ்சம், மிகக் கொஞ்சம், சாய்வு. ஐயா தன் பழைய இடுப்பு வாரில் ஒரு துண்டு வெட்டி இடது சப்பாத்துக்குள் முன்பக்கத்தில் ஒட்டினார். நூலும் தண்டும் ஒன்றாய் வந்தன.

"இதைப் போட்டுக்கொண்டு நான் ஆக்களுக்கு முன்னால போகவேணுமோ?" என்றார் ரீச்சர். "பேக்கரியில வேலை செய்யிற ஆள் மாதிரி இருக்கும்."

"சேலை மூடும்" என்றார் ஐயா.

"சேலையோட மலையேறுறதோ ஐயா?"

ஐயாவுக்கு அது விடயமில்லை. அவர் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் அந்தக் காலைச் செய்த யாழ்ப்பாணத்து இடத்துக்குப் போன் எடுத்து, வித்தியாசம் இவ்வளவு, ஒட்டியது இவ்வளவு என்று சொல்லிக் கேட்டார். ரீச்சரை ஒருக்கா நேரில் வரச் சொன்னார்கள். அவர் சப்பாத்தையும் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார். போகலாம், தடி ஒன்று கொண்டுபோங்கள் என்று சொன்னார்களாம்.

அதற்குப் பிறகு மூன்று கிழமை, ஒவ்வொரு பின்னேரமும் ரீச்சர் பள்ளிக்கூடம் முடிந்து குளக்கட்டுக்கு வந்தார், அவர் தோழியின் பெரிய காற்சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு. நானும் போவேன். புல்லுச் சரிவு சரிவந்தது. கல்லுப் பக்கம்தான் கரைச்சல். போட்ட காலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. "நான் பாத்துத்தான் வைக்கவேணும்," என்றார். "பாக்காமல் வைச்சா அது எங்க நிக்குது எண்டு எனக்குத் தந்தி வராது." முகத்தை முன்னால் வைத்து இறங்காமல், ஏணியில் இறங்குவது போலத் திரும்பி நின்று, முதலில் வலது காலை இறக்கி, பிறகு இடதை அதற்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கப் பழகினார். ஏறும்போதும் முதலில் வலதுதான் கல்லைப் பிடிக்கும். மேலே இழுப்பதும் வலது, கீழே தாங்குவதும் வலது.

"ரீச்சர், இப்பிடி நடந்தியள் எண்டா மீன் ஒண்டும் கரைக்கு வராது" என்று அந்தோனிப்பிள்ளை அண்ணை சத்தம் போட்டார்.

"நீங்கள் பிடிச்ச மீனை நான் இன்னும் காணேல்லை அண்ணை" என்றார் ரீச்சர்.

விடுமுறையில் அவர்கள் போனார்கள். நான் போகவில்லை, கடை இருந்தது. அந்த இரண்டு நாளும் பெட்டி அடுக்கும்போது இரண்டு தடவை அளவு மாற்றி அடுக்கிவிட்டேன். ஐயா தட்டிக் காட்டினார். அவர் அன்றைக்கு மூன்று தரம் போனை எடுத்துப் பார்த்ததை நான் கண்டேன். நேரம் பார்ப்பதாகச் சொன்னார். மேசைக்கு நேரே சுவரில் மணிக்கூடு இருந்தது.

அடுத்த கிழமை ரீச்சர் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஒரு பையில் இருந்து கருகின பாண் நிறச் சப்பாத்தை மேசையில் வைத்தார். இடது சப்பாத்து ஏறக்குறையப் புதிது. வலதுக்கு முன் ரப்பர் கிழிந்து வாய் திறந்திருந்தது, அடியில் பல்லு பாதி இல்லை.

"மேல போனனியளோ?" என்று கேட்டேன்.

"போனனான். கடைசிப் பாறையில பிறின்சிப்பல் எனக்குப் பின்னால வந்தவர். நான் மெல்ல ஏறினபடியால் அவருக்கு மூச்சுவிட நேரம் கிடைச்சதாம். நன்றி சொன்னவர்."

"மேல என்ன இருந்தது ரீச்சர்?"

"ஒண்டும் இல்லை. முகில். வெள்ளைச் சுவர் மாதிரி. பக்கத்தில நிண்ட ஆளையே தெரியேல்லை. அரை மணித்தியாலம் நிண்டு சுவரைப் பாத்திட்டு இறங்கினம்."

"கவலையோ?" என்றேன்.

"என்னத்துக்குக் கவலை? திரும்பிப் போகவேணும். அடுத்த லீவில போறம். ஐயா, எனக்கு வலது ஒண்டு தாங்கோ. இடது இன்னும் பத்து மலைக்குக் காணும்."

"ஒற்றை விக்கிறேல்லை" என்றார் ஐயா.

"எனக்கு ஒற்றைதானே ஐயா தேயுது?"

"கொம்பனி சோடியாத்தான் அனுப்புது."

"அப்ப சோடியா எடுக்கிறன். இடதை நீங்களே வைச்சிருங்கோ. வீட்டில வைச்சா எலி கொண்டுபோயிடும்."

ஐயா பெட்டியைத் திறந்து வலதை அவரிடம் கொடுத்தார். இடதைக் கையில் வைத்துக் கொஞ்சம் யோசித்தார். சப்பாத்துக் கடையில் கண்ணாடித் தட்டில் எப்போதும் சோடியில் ஒன்றைத்தான் வைப்பது வழக்கம். எழும்பிப் போய் அதை அந்தத் தட்டில் வைத்தார். பிறகு அடிமட்டத்தால் ஒரு தட்டு.

ஐயா வவுனியாவில் மகளோடு இருக்கப் போய் இரண்டு வருடம். நான் வேலையை விட்டு நிற்பதற்குக் கொஞ்ச நாளுக்கு முன் புதுப் பிள்ளைகளில் ஒருத்தி கண்ணாடித் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இதென்ன, இந்த வடிவில்லாத மொடலில நாலு கிடக்கு. நாலும் இடது."

"ஓம்" என்றேன்.

"மற்றக் கால் எல்லாம் எங்க?"

"மலைக்குப் போயிட்டுது. அதில தூசி இருக்கு, வடிவாத் துடை."